வீட்டு மின்னணுச் சாதனங்களைப் பழுதுபார்க்க ஆஸிலாஸ்கோப்: தேர்வும் பாதுகாப்பான உபயோகமும்

செட்-டாப் பாக்ஸ், எல்.இ.டி. விளக்கு, அடாப்டர், இன்வர்ட்டர் ஆகிய மின்னணுச் சாதனங்கள் இன்று பெரும்பாலான வீடுகளில் இடம்பெற்றுள்ளன. இவற்றுள் ஒன்று பழுதானால், அதனை எறிந்துவிட்டு வேறொன்று வாங்குவதைக் காட்டிலும் பழுதுபார்த்துப் பயன்படுத்துவதே சிக்கனமாகும். இத்தகைய வேலையில் ஈடுபடுவோர் நெடுங்காலமாக மல்டிமீட்டர் ஒன்றையே துணையாகக் கொண்டிருந்தனர். ஒருகாலத்தில் கல்லூரிகளிலும் ஆராய்ச்சிச் சாலைகளிலும் மட்டுமே காணப்பட்ட ஆஸிலாஸ்கோப் என்னும் கருவி, இப்போது தனிமனிதரும் வாங்கக்கூடிய விலைக்கு வந்துள்ளது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் இக்கருவியின் அமைப்பை அறியாமல் அதனை மின்வாரிய மின்சாரத்தோடு தொடர்புடைய பகுதிகளில் இணைப்போர், தம் உயிருக்கே அபாயத்தைத் தேடிக்கொள்கின்றனர். எத்தகைய கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதனை எவ்வாறு தீங்கின்றிப் பயன்படுத்த வேண்டும் என்பவற்றைக் களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் பிறருக்கு எடுத்துரைக்கும் பொருட்டு ஈண்டு விளக்குவோம்.

மல்டிமீட்டர் காட்டாதது எது?

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். 12 வோல்ட் அடாப்டர் ஒன்றினால் இயங்கும் செட்-டாப் பாக்ஸ் அடிக்கடி தானாகவே நின்று மீண்டும் தொடங்குகிறது. அடாப்டரின் வெளிமுனையில் மல்டிமீட்டரை வைத்தால் 11.8 வோல்ட் எனக் காட்டுகிறது. இதைக் கண்டு அடாப்டரில் குறையில்லை என்று முடிவு செய்வது இயல்பு. ஆனால் மல்டிமீட்டர் டி.சி. அழுத்தத்தின் சராசரியை மட்டுமே தெரிவிக்கிறது. அதே இடத்தில் ஆஸிலாஸ்கோப்பை இணைத்துப் பார்க்கும்போது, அழுத்தம் நிலையாக நில்லாமல், வினாடிக்குப் பல்லாயிரம் தடவை 10 வோல்ட்டுக்கும் 13 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்குவது தெரியக்கூடும். அழுத்தம் தாழும் அந்தக் கணங்களில் பெட்டியிலுள்ள நுண்சில்லுகள் வேலையை நிறுத்திவிடுகின்றன.

இதற்குக் காரணம் பெரும்பாலும் வெளிப்பகுதியிலுள்ள எலெக்ட்ரோலிடிக் கண்டென்ஸரே. வெப்பத்தினால் அதனுள் இருக்கும் திரவம் நாளடைவில் உலர்ந்துபோகிறது. அப்போது அதன் கொள்ளளவு குறைகிறது. உள் மின்தடை உயர்கிறது. அலைகளைச் சமன்செய்யும் ஆற்றல் குன்றுகிறது. சில ரூபாய் மதிப்புள்ள ஒரு பாகத்தை மாற்றினால் அடாப்டர் முழுவதும் பிழைத்துக்கொள்ளும். அழுத்தம் காலத்தோடு எவ்வாறு மாறுகிறது என்பதை வரைபடமாகக் காட்டுவதே ஆஸிலாஸ்கோப்பின் பணியாகும்.

கருவியின் தோற்றமும் அமைப்பும்

1897ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பணியாற்றிய ஜெர்மானிய விஞ்ஞானி கார்ல் பெர்டினாண்ட் பிரௌன், எலெக்ட்ரான் கற்றையைத் திரையின் மீது அசையச் செய்து மின் அலைகளைக் காணும் குழலை அமைத்தார். இக்கருவியின் மூதாதை அதுவே. 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 511 என்னும் மாதிரியில், அலையின் ஒரு குறிப்பிட்ட நிலையில் வரைவு தொடங்கும்படியான ‘ட்ரிக்கர்’ ஏற்பாடு அமைந்திருந்தது. அதன் பயனாக அலையின் உருவம் திரையில் ஓடாமல் அசைவற்று நின்றது. அதனை அளப்பதும் எளிதாயிற்று. கல்லூரிகளில் சி.ஆர்.ஓ. என்று வழங்கும் கருவி இம்மரபில் வந்ததாகும். இன்று விற்பனையாகும் கருவிகள் பெரும்பாலும் டிஜிட்டல் வகையைச் சேர்ந்தவை. அவை அழுத்தத்தை வினாடிக்குப் பல கோடி தடவை அளந்து, எண்களாக நினைவில் பதித்து, பின்னர் படமாக வரைகின்றன.

தேர்வு செய்யும் முறை

வாங்குவோர் முதலில் கவனிக்க வேண்டியது பட்டையகலம் ஆகும். 20 மெகாஹெர்ட்ஸ் எனக் குறிக்கப்பட்ட கருவி, 20 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள அலையை அதன் உண்மையான உயரத்தில் சுமார் 70 சதவீதமாகவே காட்டும். சதுர அலையில் அதன் அடிப்படை அதிர்வெண்ணோடு, அதன் மும்மடங்கு, ஐம்மடங்கு முதலிய அதிர்வெண்களும் கலந்திருக்கின்றன. ஆகையால் 10 மெகாஹெர்ட்ஸ் சதுர அலையை 10 மெகாஹெர்ட்ஸ் கருவியில் பார்த்தால், முனைகள் மழுங்கி வளைந்த அலையாகவே காணப்படும். பார்க்க விரும்பும் அலையின் அதிர்வெண்ணைப் போல் ஐந்து மடங்கு பட்டையகலம் இருக்க வேண்டும் என்பது நல்ல விதியாகும். அலை எவ்வளவு விரைவில் எழுவதைக் கருவி காட்ட இயலும் என்பதையும் எளிதில் கணக்கிடலாம். 0.35 என்ற எண்ணைப் பட்டையகலத்தால் வகுத்தால் அக்காலம் கிடைக்கும். 20 மெகாஹெர்ட்ஸ் கருவிக்கு இது 17.5 நானோவினாடி, 100 மெகாஹெர்ட்ஸ் கருவிக்கு 3.5 நானோவினாடி. ஒலிபெருக்கி, அடாப்டர் போன்றவற்றிற்கு 20 மெகாஹெர்ட்ஸ் போதும். நுண்சில்லுகள் நிறைந்த பலகைகளையும் ஆராய விரும்புவோர் 50 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள கருவியை நாடலாம்.

இரண்டாவது, மாதிரி எடுக்கும் வேகமும் நினைவின் நீளமும் ஆகும். இவ்வேகம் பட்டையகலத்தைப் போல் ஐந்து மடங்கேனும் இருத்தல் நன்று. விளம்பரத்தில் குறிக்கப்படும் வேகம் பெரும்பாலும் ஒரு சானல் மட்டும் இயங்கும்போது கிடைப்பதாகும்; இரண்டு சானல்களும் இயங்கினால் சில கருவிகளில் அது பாதியாகக் குறைந்துவிடும். நினைவு குறுகியதாக இருந்தால் மற்றொரு தொல்லை நேரும். 200 மில்லிவினாடி நேரத்தை 10,000 புள்ளிகளில் பதிக்கும் கருவி, அந்நிலையில் வினாடிக்கு 50,000 புள்ளிகளையே எடுக்கிறது. அதில் 65 கிலோஹெர்ட்ஸ் அலையைப் பார்த்தால், திரையில் 15 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்று பொய்யாகத் தோன்றும். நேர அளவை மாற்றும்போது அலையின் அதிர்வெண்ணும் மாறுவதுபோல் தெரிந்தால், இப்பொய்த் தோற்றம் என்று அறிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, சானல்களின் எண்ணிக்கை. இரண்டு சானல்கள் அவசியம். இரண்டு அலைகளை ஒப்பிடுவதற்கும், பின்னர் கூறப்போகும் பாதுகாப்பான கழித்தல் முறைக்கும் இவை வேண்டும்.

நான்காவது, கருவியின் வடிவம். மேசைமேல் வைக்கும் கருவி பயில்வதற்கு எளியது. கணினியோடு யூ.எஸ்.பி. வழியாக இணைக்கும் கருவி மலிவானது. ஆனால் பெரும்பாலான மாதிரிகளில் அதன் எர்த் முனை கணினியின் உடலோடு நேரே தொடர்புள்ளது. அங்கு தவறு நேர்ந்தால் கணினியும் சேர்ந்து கெடும். பாட்டரியில் இயங்கும் கைக்கருவிகளில் மின்காப்பு நன்கு செய்யப்பட்டவை உண்டு, செய்யப்படாதவையும் உண்டு. காட் 2, காட் 3 என்ற பாதுகாப்பு வகுப்பும் அதற்குரிய வோல்ட் அளவும் கருவியின் மீதே பொறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். பாட்டரியில் இயங்குகிறது என்பதனால் மட்டும் ஒரு கருவி பாதுகாப்பானதாகிவிடாது. பழைய சி.ஆர்.ஓ. கிடைத்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் அதன் படக்குழலுக்கு உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தம் இருப்பதால், அதன் மூடியைத் திறக்கலாகாது.

ப்ரோப்பும் அதன் விசையும்

அளக்கும் முனையாகிய ப்ரோப்பில் 1:1, 10:1 என்ற இரு நிலைகள் உள்ளன. 10:1 நிலையில் அழுத்தம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்து கருவிக்குள் செல்கிறது. மின்சுற்றின் மீது ஏற்றப்படும் சுமையும் குறைகிறது. 1:1 நிலையில் ப்ரோப்பின் பட்டையகலம் சில மெகாஹெர்ட்ஸ்களாகச் சுருங்கிவிடும். ஆகவே 10:1 நிலையையே வழக்கமாகக் கொள்க. ப்ரோப்பின் விசையும் கருவியின் அமைப்பும் ஒத்திருப்பது முக்கியம். ப்ரோப் 10:1 நிலையிலும் கருவி 1:1 நிலையிலும் இருந்தால், 325 வோல்ட் என்பது 32.5 வோல்ட்டாகத் திரையில் தெரியும். அவ்வெண்ணை நம்பிக் கை வைப்பவர் பெருந்துன்பத்திற்கு உள்ளாவார்.

ஒவ்வொரு ப்ரோப்பையும் கருவியின் முகப்பிலுள்ள 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை முனையில் மாட்டி, சிறு திருகைத் திருப்பி, அலையின் மேற்பகுதி மட்டமாகத் தெரியும்படி சரிசெய்துகொள்ள வேண்டும். ப்ரோப்பின் உச்ச அழுத்த வரம்பு அதிர்வெண் உயர உயரக் குறைந்துகொண்டே போகும் என்பதையும் மறத்தலாகாது.

எர்த் கிளிப் என்னும் அபாயம்

இனிக் கூறப்போவதே இக்கட்டுரையின் மிக முக்கியமான பகுதியாகும். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் மின்சுற்றில் எங்கு வேண்டுமாயினும் வைக்கலாம். ஆஸிலாஸ்கோப்பில் அவ்வாறு செய்ய இயலாது. மின்வாரிய மின்சாரத்தில் இயங்கும் மேசைக் கருவியில், ப்ரோப்பின் எர்த் கிளிப்பானது கருவியின் உலோக உடல் வழியாக மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையோடு நேரே இணைக்கப்பட்டுள்ளது. எல்லாச் சானல்களின் கிளிப்புகளும் உள்ளுக்குள் ஒன்றே. எனவே கிளிப்பை எந்த இடத்தில் மாட்டுகிறோமோ, அந்த இடத்தைப் பூமியோடு கம்பியால் இணைத்துவிடுகிறோம் என்பதே பொருள்.

நம் நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இதன் உச்ச அளவு சுமார் 325 வோல்ட். டெலிவிஷன், அடாப்டர் முதலியவற்றின் எஸ்.எம்.பி.எஸ். பகுதியில், நான்கு டயோடுகள் கொண்ட பாலம் இம்மின்சாரத்தை டி.சி.யாக மாற்றி, பெரிய கண்டென்ஸரில் தேக்குகிறது. அக்கண்டென்ஸரின் நெகடிவ் முனையைக் கண்டு, ‘இதுவே பூமி முனை’ என எண்ணிக் கிளிப்பை மாட்டுவோர் பலர். அம்முனை பூமியல்ல. ஓர் அரைச்சுற்றில் அது டயோடு வழியாக நியூட்ரலோடு தொடர்பு கொள்கிறது; அடுத்த அரைச்சுற்றில் பேஸ் கம்பியோடு தொடர்பு கொண்டு, பூமியைவிட 325 வோல்ட் வரை கீழே செல்கிறது. கிளிப்பை மாட்டிய உடனே பேஸ் கம்பி, டயோடு, கிளிப், கருவியின் உடல், எர்த் கம்பி என்ற வழியில் குறுக்குச் சுற்று ஏற்படுகிறது. டயோடு வெடிக்கும், கிளிப் உருகும், கருவியும் கெடலாம்.

இவ்வாறு ஒருமுறை நேர்ந்த பின், சிலர் கருவியின் பிளக்கிலுள்ள எர்த் முனையை வெட்டிவிடுகின்றனர். அல்லது இரண்டு முனை அடாப்டர் பிளக் வழியாகக் கருவியை இயக்குகின்றனர். இதனால் பொறி பறப்பது நின்றுவிடும், அபாயம் நிற்காது. முன்னர் பூமிக்குச் சென்ற அழுத்தம் இப்போது கருவியின் உடலிலேயே தங்குகிறது. ப்ரோப் மாட்டும் உலோக வளையம், மற்றைய சானலின் கிளிப், திருகுகள் ஆகிய அனைத்தும் மின்வாரிய மின்சாரத்தின் அழுத்தத்தைப் பெறுகின்றன. ஒரு கையால் அவற்றைத் தொட்டு, மறு கையோ காலோ பூமியோடு தொடர்புகொண்டிருந்தால், மின்சாரம் மார்பின் வழியே பாயும். எர்த் முனையை நீக்கும் இப்பழக்கத்தை எங்குக் காணினும், களப்பணியாளர்கள் தயங்காது தடுத்துரைக்க வேண்டும். வீட்டிலுள்ள மூன்று துளைச் சாக்கெட்டில் எர்த் கம்பி உண்மையிலேயே இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் தகுதிபெற்ற மின்பணியாளரைக் கொண்டு சோதித்தல் வேண்டும். சுவரில் துளை இருப்பதனாலேயே பின்னால் கம்பி இருக்கிறது என்று கொள்ளலாகாது.

பாதுகாப்பான வழிகள்

முதல் வழி, பழுதுபார்க்கப்படும் சாதனத்தை ஐஸொலேஷன் டிரான்ஸ்பார்மர் வழியாக இயக்குவதாகும். இதில் 230 வோல்ட் உள்ளே சென்று, பூமியோடு தொடர்பற்ற 230 வோல்ட்டாக வெளிவருகிறது. அப்போது சுற்றின் ஓரிடத்தில் கிளிப்பை மாட்டினாலும் குறுக்குச் சுற்று ஏற்படாது. டிரான்ஸ்பார்மரைச் சாதனத்திற்கே இட வேண்டும். ஆஸிலாஸ்கோப்பிற்கு இடுதல் முறையன்று. அதன் எர்த் இணைப்பு எப்போதும் நிலைத்திருக்க வேண்டும். இங்கு ஓர் எச்சரிக்கை: கிளிப்பை மாட்டியதும் அந்த இடம் பூமியாகிவிடுவதால், மற்ற இடங்களைத் தொடுபவருக்கு அதிர்ச்சி நேரும். அந்நிலையில் வீட்டிலுள்ள ஆர்.சி.சி.பி. மின்சாரத்தைத் துண்டித்துக் காக்காது.

வேறு சில சாதனங்களை ஐஸொலேஷன் டிரான்ஸ்பார்மர் என்று மயங்குவதும் உண்டு. டிம்மர்ஸ்டாட் என்றும் வேரியாக் என்றும் கூறப்படுபவை ஒரே சுருளால் ஆனவை; அவை அழுத்தத்தை மாற்றுமேயன்றிப் பூமித் தொடர்பைத் துண்டிக்கா. வோல்டேஜ் ஸ்டபிலைஸர்களுள் பெரும்பாலானவையும் அவ்வாறே. பழுதுபார்ப்போர் பயன்படுத்தும் சீரிஸ் பல்பு போர்டு, மிகுதியான மின்னோட்டத்தைத் தடுத்துச் சாதனத்தைக் காக்கும், மனிதரைக் காக்காது.

இரண்டாவது வழி, இரண்டு சானல்களைக் கொண்டு கழித்தல் முறை. இரண்டு ப்ரோப்புகளையும் 10:1 நிலையில் வைத்து, அவற்றின் கிளிப்புகளைக் கழற்றிவிட்டு, அளக்க வேண்டிய இரண்டு இடங்களிலும் முனைகளை மட்டும் வைக்க வேண்டும். இரு சானல்களின் அளவுகளையும் ஒன்றாக அமைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்குமாறு கருவியைப் பணித்தால், அவ்விரு இடங்களுக்கும் இடையிலுள்ள அழுத்தம் திரையில் தெரியும். ஒவ்வொரு முனையிலும் பூமியைச் சார்ந்து இருக்கும் அழுத்தம் ப்ரோப்பின் வரம்பிற்குள் இருத்தல் வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பகுதியின் ஸ்விட்ச் டிரான்ஸிஸ்டரில் 500 வோல்ட்டுக்கும் மேலாக அழுத்தம் எழக்கூடுமாதலால், அங்குச் சாதாரண ப்ரோப்பை வைத்தல் கூடாது.

மூன்றாவது வழி, இதற்கென்றே செய்யப்படும் உயர் அழுத்த டிபரன்ஷியல் ப்ரோப்பை உபயோகிப்பது. விலை மிகுந்ததாயினும், இத்தொழிலையே மேற்கொள்வோருக்கு இது தகுந்த முதலீடாகும்.

மைக்ரோவேவ் அடுப்பின் உயர் அழுத்தப் பகுதியில் எந்த முறையைக் கொண்டும் அளத்தல் கூடாது. அங்குள்ள சில ஆயிரம் வோல்ட் அழுத்தமும், அதனுள் பாயும் மின்னோட்டத்தின் வலிமையும் ஒரே கணத்தில் உயிரைப் போக்க வல்லவை.

ஓர் அடாப்டரைச் சோதிக்கும் வரிசை

முன்னர்க் கூறிய 12 வோல்ட் அடாப்டரையே எடுத்துக்கொள்வோம். அதனை மின்சாரத்திலிருந்து கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் டயோடு நிலையில், பிளக்கின் ஒவ்வொரு முனைக்கும் வெளிப்பகுதியின் நெகடிவ் முனைக்கும் இடையே இரு திசைகளிலும் சோதிக்க வேண்டும். தொடர்பு தெரிந்தால் அது மின்வாரிய மின்சாரத்திலிருந்து பிரிக்கப்படாத வகை. அல்லது மின்காப்புப் பழுதுற்றது. அதில் கிளிப்பை மாட்டலாகாது. எல்.இ.டி. விளக்குகளின் உள்ளே இருக்கும் சுற்றுகளில் பல இத்தகையனவே.

தொடர்பு இல்லையெனில், 12 ஓம், 25 வாட் கம்பிச்சுற்று மின்தடை ஒன்றைச் சுமையாக வெளிமுனையில் இணைத்தால், ஓர் ஆம்பியர் பாயும். அடாப்டர் ஓர் ஆம்பியர் தரக்கூடியதா என்பதை அதன் சீட்டில் முதலில் பார்த்துக்கொள்க. மின்தடை மிகவும் சூடேறுமாதலால் அதனைத் தொடலாகாது. கிளிப்பை நெகடிவ் முனையிலும் ப்ரோப்பைப் பாஸிடிவ் முனையிலும் மாட்டிய பின்னரே மின்சாரத்தைச் செலுத்த வேண்டும். முதலில் டி.சி. இணைப்பில், ஒரு கட்டத்திற்கு 2 வோல்ட் என வைத்து, மொத்த அழுத்தத்தைக் காண்க. பின்னர் ஏ.சி. இணைப்பிற்கு மாற்றி, உயர அளவைக் குறைத்து, அலையை மட்டும் பெரிதாக்கிக் காண்க. ஏ.சி. இணைப்பில் டி.சி. அழுத்தம் திரையில் தோன்றாது; ஆனால் முனையில் அது இருந்துகொண்டேயிருக்கும்.

ஒரு கட்டத்திற்கு 5 மைக்ரோவினாடி என்ற அளவில் பல்லாயிரம் ஹெர்ட்ஸ் அலை பெரிதாகத் தெரிந்தால், வெளிப்பகுதிக் கண்டென்ஸர் நலிந்துள்ளது என ஊகிக்கலாம். ஒரு கட்டத்திற்கு 5 மில்லிவினாடி என்ற அளவில், 10 மில்லிவினாடிக்கு ஒருமுறை எழும் 100 ஹெர்ட்ஸ் அலை தெரிந்தால், முன்பகுதியிலுள்ள பெரிய கண்டென்ஸரின் மீது ஐயம் கொள்ள வேண்டும்.

பெட்டியைத் திறக்குமுன் மின்சாரத்தைக் கழற்றிவிட்டாலும், பெரிய கண்டென்ஸரில் மின்சாரம் தேங்கி நிற்கும். டெலிவிஷன் போன்றவற்றில் காணப்படும் 100 மைக்ரோபாரட் கண்டென்ஸர் 325 வோல்ட்டில் ஐந்து ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலைக் கொண்டிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் இரு முனைகளையும் இணைத்துப் பொறி பறக்கவிடுவது தவறான முறை. காப்பிட்ட கம்பிகள் பொருத்திய 2.2 கிலோஓம், 10 வாட் மின்தடையை ஐந்து வினாடி நேரம் வைத்து வடித்த பின்னர், மல்டிமீட்டரால் அளந்து உறுதிசெய்துகொள்க. மாற்றும் கண்டென்ஸர் அதே கொள்ளளவும், அதே அல்லது கூடுதலான வோல்ட் அளவும், 105 டிகிரி வெப்பத்தைத் தாங்கும் தன்மையும் உடையதாக இருத்தல் வேண்டும். பாஸிடிவ், நெகடிவ் முனைகள் மாறலாகாது.

ஆசிரியர்களுக்கு

பள்ளியில் இக்கருவியை விளக்க மின்வாரிய மின்சாரத்தைத் தீண்ட வேண்டிய தேவையே இல்லை. எதனோடும் இணைக்கப்படாத ப்ரோப்பின் முனையை மாணவர் விரலால் தொட்டால், சுற்றியுள்ள மின்கம்பிகளினின்று உடல் ஏற்கும் 50 ஹெர்ட்ஸ் அலை திரையில் தோன்றும். அதன் ஒரு சுற்றுக்கு 20 மில்லிவினாடி ஆவதை மாணவரே அளந்து காணலாம். மூடிய பெட்டியில் அமைந்த 6 வோல்ட் டிரான்ஸ்பார்மரின் வெளிமுனையை மல்டிமீட்டராலும் ஆஸிலாஸ்கோப்பாலும் அளந்தால், முன்னது 6 வோல்ட் எனவும் பின்னது உச்ச அளவு சுமார் 8.5 வோல்ட் எனவும் காட்டும். இரண்டும் ஒன்றே என்பதை மாணவர்கள் கணக்கிட்டு உணர்வர். சுமையின்றி அளக்கும்போது இரு எண்களும் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். அவற்றின் விகிதம் மாறாது. 9 வோல்ட் பாட்டரியில் இயங்கும் சிறு அலையாக்கிச் சுற்றுகளும் இப்பயிற்சிக்கு ஏற்றவை.

ஆஸிலாஸ்கோப்பை வாங்க எண்ணுவோர், தம்மிடமுள்ள பணத்தில் ஒரு பகுதியை ஐஸொலேஷன் டிரான்ஸ்பார்மருக்கும் நல்ல ப்ரோப்புகளுக்கும் முதலிலேயே ஒதுக்கிவைத்தல் வேண்டும். பட்டையகலம் சிறிது குறைந்த கருவியாலும் பல பழுதுகளைக் கண்டறியலாம். எர்த் இணைப்பில்லாத கருவியைக் கொண்டு ஒருநாளும் வேலை செய்தல் கூடாது. ஒவ்வொரு தடவையும் கிளிப்பைக் கையில் எடுக்கும்போது, ‘இது பூமியோடு இணைந்த கம்பி, இதனை மாட்டப்போகும் இடம் எது?’ என்று கேட்டுக்கொள்ளும் வழக்கத்தைப் பயிற்சி பெறுவோரிடம் முதல் நாளிலேயே ஏற்படுத்துதல் ஆசிரியர்களின் கடமையாகும்.